ஒரே முகத்துக்கு இரண்டு லென்ஸ்

கலர் என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் முதலில் கெடுத்தது யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்பேன் என்று எழுத ஆசைதான். நேரில் போனால் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன் என்பதும் எனக்குத் தெரியும். பேச வேண்டிய இடத்தில் வாய் திறக்காமல், வீட்டுக்குப் போகும் வழியில் தேயிலைச் செடிகளிடம் எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்கிற ஆள் நான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் எழுத்தும் அந்த அளவுக்குத்தான் இருக்கும். ஆனாலும் இதை யாராவது எழுதத்தான் வேண்டும்.

பெண் பார்க்கப் போய் வந்தவர்களிடம் பெண் எப்படி என்று கேட்டால் "நல்ல கலர்" என்பார்கள். கடையில் துணி வாங்கும்போது சிவப்பும் கலர்தான், பச்சையும் கலர்தான், கறுப்பும் கலர்தான். மனிதர் என்று வந்துவிட்டால் மட்டும் கலர் என்பதற்கு வெளுப்பு என்று அர்த்தம். கறுப்பாக இருப்பவளைப் பற்றிக் கேட்டால் "கலர் கொஞ்சம் கம்மி" என்று சொல்லி உதட்டைப் பிதுக்குவார்கள். பூச வேண்டியதை யாரோ பூசாமல் விட்டுவிட்டது போல.

இந்தச் சொல்லால் என் வேலை போயிற்று. வேலை போனதைப் பற்றி எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. அதற்கு முன்னால் நடந்ததுதான் இன்னும் நெஞ்சில் எரிகிறது.

நான் அட்டன் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். ரயில் நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்கு இறங்கும் பாதையில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் அது இருந்தது. மாடிப்படியின் அடியில் தெருவைப் பார்த்தபடி ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் கல்யாண ஜோடிகள், மொட்டையடித்த குழந்தைகள், மாலை போட்ட பெரியவர்கள் என்று படங்கள் தொங்கும். காலையில் வந்ததும் அந்தப் பெட்டியைத் திறந்து தூசி தட்டுவது என் வேலை. சாவியும் என்னிடம்தான் இருந்தது. மற்ற நேரமெல்லாம் இருட்டறையில் படம் கழுவுவேன், காயப் போடுவேன், ஓரம் வெட்டுவேன். ஆட்களோடு பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

நாற்பத்தெட்டுக்குப் பிறகு, இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த எங்கள் ஆட்களுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை இல்லை என்றாகிவிட்டது. அதற்கு மனுப் போட வேண்டும், மனுவுக்குப் படம் வேண்டும். இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கும் பாஸ்போட்டுக்குப் படம் வேண்டும். ஸ்டூடியோ நடந்ததே அதில்தான். வரிசையாக உட்கார வைத்து எடுத்துத் தள்ளுவோம். யாரும் சிரிக்கமாட்டார்கள். என் மனைவிக்கும் அப்படி ஒரு படம் உண்டு. அதில் கண் இரண்டும் மூக்குத்தியும் தெரியும். மற்றதெல்லாம் ஒரே இருட்டு.

அவளுடைய அம்மா என் மைத்துனனோடு திருச்சிப் பக்கம் போய்விட்டார். கல்யாணமானதால் இவள் இங்கேயே நின்றுவிட்டாள். கப்பலேறிப் போய்ப் பார்ப்பதென்பது எங்களால் ஆகிற காரியமில்லை. "எங்கம்மாவுக்கு ஒரு படம் அனுப்பணும். நல்லா, மொகம் தெரியிற மாதிரி" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறவன் பெண்டாட்டிக்கு ஒரு நல்ல படம் இல்லை. சொன்னால் யாராவது நம்புவார்களா?

அறுபதுகள் பிறந்த பிறகு முதலாளிக்குக் கலர் பைத்தியம் பிடித்தது. தோட்டத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை சாமான்களை விற்றபோது, அவருடைய கமராவை முதலாளி வாங்கிவிட்டார். லென்ஸைத் திருகிக் கழற்றி வேறு லென்ஸ் போடக்கூடிய கமரா. அதோடு வந்த லென்ஸ் உலகச் சண்டைக்கு முந்திய காலத்துப் பழசு. கலருக்கு இது போதுமா, புதிதாக ஒன்று வாங்க வேண்டுமா என்று கேட்டுவரக் கொழும்புக்குப் போனோம். பெட்டியைத் தூக்கிக்கொள்ள என்னையும் கூட்டிப்போனார்.

கமராக் கடையில் இருந்தவர் பொறுமையான மனிதர். மேசையில் துணி விரித்துப் பல லென்ஸ்களை வைத்துக் காட்டினார். தூரத்தைக் கிட்டே இழுப்பது ஒன்று, அகலமாகப் பிடிப்பது ஒன்று. முதலாளி எதையெடுத்தாலும் ஆசைப்பட்டார். கடைக்காரர் சிரித்தார்.

"மொதல்ல ஒரு நல்ல நோர்மல் லென்ஸ் எடுங்க மொதலாளி. மத்ததெல்லாம் பொறகு. நோர்மல் லென்ஸ்னா மனுசன்ட கண்ணு பாக்குற மாதிரியே பாக்கும். கூட்டவும் செய்யாது, கொறைக்கவும் செய்யாது."

"இதுவும் நோர்மல்தானே?" என்று முதலாளி பழைய லென்ஸைக் காட்டினார்.

அவர் அதை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தார். கண்ணாடியில் விளக்கு வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு புதிய லென்ஸ் ஒன்றைப் பிடித்தார். அதில் விளக்கு கத்தரிப்பூ நிறத்தில் தெரிந்தது. புதிய கண்ணாடிக்கு மேல் ஒரு பூச்சு இருக்கிறது, பழசில் இல்லை என்றார். பூச்சு இல்லாவிட்டால் வெளிச்சம் லென்ஸுக்குள்ளேயே முட்டி மோதி அலைந்து படம் முழுக்கப் பால் தெளித்தாற்போல் பரவிவிடும். கறுப்பு வெள்ளைப் படத்தில் அது அவ்வளவு தெரியாது. கலரில் எல்லா நிறமும் வெளுத்துவிடும்.

"அதோட கலர் பிலிம் வெளிச்சம் கூடக் கேக்கும். ஒங்கட மலையில எந்நேரமும் மூட்டம். இந்தப் புதுசு வாய் பெரிசு, வெளிச்சத்த நல்லா உள்ளுக்கு எடுக்கும். கொண்டுபோய் ரெண்டையும் போட்டு எடுத்துப் பாருங்க. புடிக்காட்டி திருப்பிக் கொண்டாங்க."

வெளிநாட்டுச் சாமான் வருவது குறைந்துகொண்டிருந்த காலம் அது. இப்போது விட்டால் பிறகு கிடைக்குமோ என்னமோ என்றும் சொன்னார். இதைவிட நியாயமாக ஒரு வியாபாரி பேசமுடியாது.

ரயிலில் திரும்பி வரும்போது முதலாளி என்னைப் பார்த்துச் சொன்னார்: "டெஸ்ட் எடுக்க ஒரு ஆள் வேணும்பா. நல்ல கறுப்பா இருக்கணும். ஒன் சம்சாரத்தக் கூட்டிட்டு வா."

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அவர் என் மனைவியைவிடக் கறுப்பு. ரயில் குகைக்குள் நுழைந்தபோது எனக்கு அவருடைய வெள்ளைச் சட்டை மட்டும்தான் தெரிந்தது. டெஸ்டுக்குக் கறுப்பு ஆள் வேண்டும் என்று தேடியவர் ஒரு கண்ணாடியைத் தேடியிருக்கலாம்.

வீட்டில் சொன்னபோது "நல்ல கறுப்பு" என்ற வார்த்தையை விட்டுவிட்டு, "மொதலாளி ஒன்னயப் படம் எடுக்கக் கூப்பிடுறாரு" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"கலர்லயா? சேலக் கலரு தெரியுமா?"

"எல்லாம் தெரியும்."

"அப்ப எங்கம்மாவுக்கு அதையே அனுப்பிடலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தீபாவளிக்கு எடுத்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு, காதோரம் மஞ்சள் டேலியாப்பூ ஒன்றைச் செருகிக்கொண்டு வந்தாள். ஸ்டூடியோவுக்குப் பின்னால் சரிவு இறங்கும் இடத்தில் தேயிலை இருந்தது. அங்கே நிற்க வைத்தார் முதலாளி. பின்னால் மூட்டம் வெள்ளையாக எழும்பிக்கொண்டிருந்தது. முதலில் புதிய லென்ஸ், பிறகு கழற்றிப் பழசு. நின்ற இடத்திலிருந்து அவளை அசையவிடவில்லை.

"ஏங்க மொதலாளி, கண்ணாடிய மாத்தி மாத்திப் போட்டுப் பாக்குறீங்களே, எனக்குக் கண்ணு வைத்தியமா பாக்குறீங்க?" என்று கேட்டாள்.

"சிரிக்காத தங்கச்சி, அசஞ்சிரும்."

"சிரிப்புக் காட்டுறது நீங்கதானே!"

கறுப்பு வெள்ளை என்றால் அன்றைக்கே கழுவியிருப்பேன். கலரை எங்களால் கழுவ முடியாது. கொழும்புக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். சாயந்தரம் நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், "வந்துருச்சா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. படம் ஏதோ பிரசவத்துக்குப் போயிருக்கிற மாதிரி விசாரிப்பாள்.

ஒருநாள் வந்தது. முதலாளி உறையைப் பிரித்து இரண்டு படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

புதிய லென்ஸில் எடுத்ததில் அவள் இருந்தாள். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அரக்கு அரக்காகவே இருந்தது. தேயிலையில் கொழுந்து ஒரு பச்சை, முற்றின இலை வேறு பச்சை. அவள் முகம் கறுப்புத்தான். ஆனால் இருட்டு இல்லை. கன்னத்தில் ஒரு செம்மை, நெற்றியில் ஒரு மினுமினுப்பு, உதட்டோரத்தில் அடக்கிய சிரிப்பு, எல்லாம் அந்தக் கறுப்புக்குள்ளேயே இருந்தன. கறுப்புக்குள் இத்தனை நிறம் இருப்பதை ஒரு கருவி பார்த்துவிட்டது.

பழைய லென்ஸில் எடுத்ததில் மூட்டம் அவள் மேலேயே இறங்கிவிட்டிருந்தது. சேலை பல தடவை வெளுத்த சேலை போல இருந்தது. தேயிலை சாம்பல். மஞ்சள் பூ வெள்ளைப் பூ ஆகியிருந்தது. முகம் மாவு பூசினாற்போல் வெளிறி, மூக்கும் கன்னமும் ஒன்றாய்க் கலந்து, யாரோ ஒருத்தி.

அந்த நேரம் பார்த்துத் திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை மாடியேறி வந்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். படம் எடுக்க வேண்டும் என்று அடிக்கடி வருவார், விலை கேட்பார், போய்விடுவார். மேசையைப் பார்த்தவர் நல்ல படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது என்ன மொதலாளி, கரிக்கோச்சிக்குப் பொட்டு வச்ச மாதிரி?"

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். ஸ்டேஷனில் புகை விடுகிற ரயில் எஞ்சினோடு அவர் ஒப்பிட்டுப் பேசியது என் பெண்டாட்டியை. அது அவருக்குத் தெரியாது. முதலாளிக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தார்.

"இதப் பாருங்க" என்று மற்றப் படத்தைத் தள்ளினார் முதலாளி. "இதுவும் அதே பொம்பளதான். கண்ணாடிதான் வேற. அது கடைக்காரன் குடுத்த புதுசு, இது நம்ம பழசு."

"அட! இது கலர்! இந்தக் கலருதான் கலரு. எம்மகள இந்தக் கண்ணாடியில எடுங்க. அந்தக் கரிக் கண்ணாடியக் கடைக்காரங்கிட்டயே குடுத்துருங்க."

அவர் போன பிறகு முதலாளி நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார்.

"எது சரியான லென்ஸுன்னு எனக்குத் தெரியாதாப்பா? கடைக்காரன் சொன்னது அத்தனையும் நெசம். ஆனா நம்ம சனம் கலர் போட்டோன்னு கேட்டுக்கிட்டு வர்றது எதுக்கு? சேலைக் கலரு பாக்கவா? தான் கலரா வர்றதுக்குத்தானே! அதக் குடுக்கிற லென்ஸ் ஏற்கெனவே எங்கிட்ட இருக்கு. பொறகு எதுக்குப் புதுசு?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. சனம் அப்படித்தான் கேட்டது. "கலர்ல எடுத்தா கலரா வருவோமாங்க?" என்று கேட்டு எத்தனை பேர் மாடியேறியிருக்கிறார்கள்! வந்தவர்களிடம் "இல்லீங்க, நீங்க இருக்கிற மாதிரித்தான் வருவீங்க" என்று சொல்ல வேண்டிய இடத்தில் இருந்த மனிதர், அந்தத் தப்பையே காசாக்கலாம் என்று கண்டுபிடித்துவிட்டார். புதிய லென்ஸ் மறுநாளே பெட்டியில் போட்டுக் கட்டி ரயிலேற்றப்பட்டது. மனிதக் கண் பார்ப்பது போலப் பார்க்கிற ஒரே சாமான் எங்கள் டவுனுக்கு வந்து, எங்கள் முகத்தைப் பார்த்த குற்றத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டது.

படத்தை மட்டும் கேட்டேன். கேட்க எனக்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று.

"மொதலாளி, அந்தப் படம்... வீட்டுல கேக்குது. அம்மாவுக்கு அனுப்பவாம்."

"நல்ல படத்துல ஒரு கொப்பி போட்டுத் தர்றேன். அடுத்த தடவ கொழும்புக்கு அனுப்பும்போது."

அவர் நல்ல படம் என்றது வெளுத்த படத்தை.

"இல்லீங்க. மத்தது."

"எது, அந்தக் கறுப்பா? அது எனக்கு வேணும். வேல இருக்கு அதுக்கு."

என்ன வேலை என்பது மறுவாரம் திங்கட்கிழமை காலை கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கப் போனபோது தெரிந்தது. நடுவில் இருந்த கல்யாண ஜோடியை எடுத்துவிட்டு, என் மனைவியின் இரண்டு படங்களையும் அங்கே மாட்டியிருந்தார். கறுத்த படத்தின் கீழே, "பிற இடங்களில்". வெளுத்த படத்தின் கீழே, "எங்களிடம்". பெயிண்டரை வைத்து எழுதிய அழகான எழுத்து.

பிற இடமாம்! எந்தப் பிற இடம்? அதே சரிவு, அதே மூட்டம், அதே காலை, அதே முதலாளி. ஒரு பெண்ணின் உண்மையான முகத்தை அவள் சம்மதம் இல்லாமல் தெருவில் மாட்டி, இது அடுத்தவன் செய்த பிழை, இதை நாங்கள் திருத்திக் கொடுப்போம் என்று விளம்பரம் செய்கிறார். மேலே ஓடினேன். ஓடின வேகம் மாடிப்படியிலேயே தீர்ந்துவிட்டது. அவர் முன்னால் நின்றபோது வாயில் வந்தது இவ்வளவுதான்:

"கீழ படம் மாட்டியிருக்கீங்க."

"நல்லா இருக்கில்ல? பேரா போட்டிருக்கேன், படம்தானே. யாருக்குத் தெரியப்போகுது?"

யாருக்குத் தெரியப்போகிறதா? டவுனுக்கு வருகிற அத்தனை பேரும் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றுதான் போவார்கள். தாய்மார் மகள்மாரை இழுத்து நிறுத்தி, இந்தப் படத்தையும் அந்தப் படத்தையும் மாறி மாறிக் காட்டுவதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். அன்று சாயந்தரம் வழியிலிருந்த தேயிலைச் செடிகள் என் பேச்சை நிறையக் கேட்டுக்கொண்டன.

எங்கள் தோட்டத்துப் பெண்கள் அவளைக் கண்டுகொள்ள வெகுநாள் ஆகவில்லை. யாரோ எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார்கள். காலையில் கொழுந்து பறிக்கப் போகுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்க நிற்கும்போதே ஆரம்பித்துவிட்டார்களாம்.

"இந்தா, பிற எடம் வருது, வழி விடுங்கடி."

"ஏ அக்கா, இன்னைக்கு நீ எந்த எடம்? நம்ம எடமா, பிற எடமா?"

"மழ பேஞ்சாத் தெரிஞ்சிரும். சாயம் போனா நம்ம எடம், போகாட்டி பிற எடம்!"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்.

"ஏங்க, அது என்னங்க பிற எடம்? எல்லாரும் அப்படிக் கூப்பிட்டுச் சிரிக்கிறாளுக."

நான் அடுப்பை ஊதினேன். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

"ஞாயித்துக்கெழம நானும் டவுனுக்கு வர்றேன்" என்றாள்.

வந்தாள். சம்பளம் போட்டதை அடுத்து வந்த ஞாயிறு. தெருவில் நடக்க இடமில்லை. பெட்டிக்கு முன்னால் நின்றிருந்த இரண்டு பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, படத்தைப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். அவள் பெட்டியை வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"கீழ என்ன எழுதியிருக்கு?"

நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"படிங்க."

படித்தேன். அந்தத் தெருவில் அத்தனை சனத்துக்கு நடுவில் இரண்டையும் வாய்விட்டுப் படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

"அதுதானா பிற எடம்" என்றாள். "இது நல்ல படம். இதுதான் நான். இத ஏங்க எங்கிட்டக் காட்டல?" என்று கறுத்த படத்தைத் தொட்டாள். கண்ணாடிதான் விரலில் பட்டது. மற்றதைக் காட்டினாள். "எங்கம்மா இந்த வெளுத்தவளப் பாத்தா, நான் செத்துப்போயி நீங்க வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டு வந்துட்டீங்கன்னு நெனச்சு ஒப்பாரி வச்சிரும்."

அதற்கு மேல் எனக்காகக் காத்திருக்கவில்லை. விறுவிறுவென்று மாடியேறினாள். நான் பின்னால் போனேன்.

மேலே அந்தக் கணக்கப்பிள்ளை மகளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பிள்ளை பட்டுச் சேலையில், தலை நிமிராமல், கழுத்து வியர்க்க இருந்தது. அதுவும் எங்களைப் போலக் கறுப்புத்தான். முதலாளி கமராவில் பழைய லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, என்னய எந்தப் பிற எடத்துல வச்சு எடுத்தீங்க?" என்று வாசலிலிருந்தே கேட்டாள் என் மனைவி. "இந்தா பின்னால பள்ளத்துல நிக்க வச்சு எடுத்தது நீங்கதானே?"

"வா தங்கச்சி. அது வெளம்பரத்துக்கும்மா. ஒன்ன அழகாக் காட்டித்தானே மாட்டியிருக்கேன்."

"எனக்கு வெளம்பரம் வேணாங்க. எங்கம்மாவுக்கு அனுப்பணும். எம்மூஞ்சியக் குடுங்க."

"ரெண்டும் ஒம்மூஞ்சிதானே?"

"வெளுத்தவள எனக்குத் தெரியாது. அவள நீங்களே வச்சுக்கங்க."

கணக்கப்பிள்ளைக்கு அப்போதுதான் ஆள் யாரென்று புரிந்தது. தன் தோட்டத்து ஆள் இல்லை என்பதும் புரிந்திருக்கும். இருந்தாலும் அதிகாரக் குரல் தானாக வந்துவிட்டது.

"ஏம்மா, ஒன்னயக் கலராக் காட்டுனா ஒனக்கு எங்க வலிக்குது?"

"ஐயா, நாளைக்கு மாப்புள வீட்டுக்காரங்க ஒங்க மகள நேருல பாக்க வருவாங்கல்ல? அன்னைக்கும் இந்தக் கண்ணாடியப் புள்ள மூஞ்சிக்கு முன்னால புடிச்சுக்கிட்டா நிப்பீங்க?"

அந்தப் பிள்ளை தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தது. சிரிக்கவா அழவா என்று தெரியாத பார்வை. கணக்கப்பிள்ளை எழுந்துவிட்டார்.

"என்ன மொதலாளி இது, கூலிக்காரப் பொம்பளையெல்லாம் மாடியேறி வந்து பேசுது?"

"இந்தாப்பா, ஒன் சம்சாரத்தக் கூட்டிட்டுப் போ" என்றார் முதலாளி என்னிடம். "வேலை நேரத்துல என்ன இது?"

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை நேரம்தான். அதனால் என் வேலையைச் செய்யப் போனேன். படியிறங்கி, பெட்டியைத் திறந்து, கறுத்த படத்தைக் கழற்றினேன். இழுத்த இழுப்பில் ஆணி பெயர்ந்து உள்ளே விழுந்தது. சுற்றி நின்ற சனம் என்னவோ ஏதோ என்று பார்த்தது. முதலாளி பாதிப் படியில் நின்று கத்தினார்.

"டேய், என்ன செய்யிற? ஒனக்கு வேல வேணுமா வேணாமா?"

"வேணுங்க" என்றேன். "படமும் வேணுங்க."

"ரெண்டும் கெடைக்காது."

"அப்ப படம் போதுங்க."

இதை நான்தான் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. அவள் அடித்துச் சொல்கிறாள், நீங்கள்தான் சொன்னீர்கள் என்று. முதலாளி இறங்கி வந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார். நான் படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் அவள் கையை நீட்டினாள். படத்தைக் கொடுத்தேன். இறங்கும் இடம் வரை அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இப்போது தேயிலை பெக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் வேலை செய்கிறேன். பேசத் தேவையில்லாத வேலைதான். டவுனுக்குப் போகும்போது பார்க்கிறேன். வெளுத்த படம் இன்னும் தொங்குகிறது. நெகட்டிவ் அவரிடம் இருக்கிறது, அவர் ஆசைப்படும் வரை தொங்கும். "அந்த அக்கா மாதிரி எடுங்க" என்று கேட்டுக்கொண்டு பெண்பிள்ளைகள் படியேறுகிறார்கள். அந்த அக்கா என்று ஒருத்தி உலகத்தில் இல்லை, பிள்ளைகளே. பூச்சில்லாத ஒரு கண்ணாடிக்குள் வழி தெரியாமல் அலைந்த வெளிச்சம் அது. இதை அந்தப் படியடியில் நின்று சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் துணிக்கடை வாசலில் துணி பார்ப்பவன் போல நின்றுவிட்டு வருகிறேன்.

படத்தை மட்டை வைத்துக் கட்டி இந்தியாவுக்கு அனுப்பினோம். போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் அவள் தபால்காரரைப் பார்க்கிற பார்வையே மாறிப்போயிற்று. கடைசியில் என் மைத்துனன் கையால் எழுதிய பதில் வந்தது. அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. நான் படித்தேன், அவள் கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் நின்று கேட்டாள்.

படத்தை அம்மா தெருவிலிருக்கும் எல்லாருக்கும் காட்டினாராம். பார்த்தவுடன் மகள் என்று தெரிந்ததாம். உடம்பு பரவாயில்லையாம். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அரக்குச் சேலைக்குப் போய் யாராவது பச்சை ரவிக்கை போடுவார்களா, படம் எடுக்கும்போதாவது ஒழுங்காகப் போட்டுக்கொண்டு நிற்கக்கூடாதா, உனக்கு எப்போதுதான் புத்தி வரும் என்று கேட்டு எழுதச் சொல்லியிருந்தார்.

"என்ன? அந்த ரவிக்கைக்கு என்ன கொறச்சலாம்?" என்று அவள் கூடையைத் தடாலென்று இறக்கினாள். "அத்தன தூரத்துலேருந்து பாத்துட்டு இதத்தான் சொல்லுதா அந்தக் கெழவி? எழுதுங்க. இப்பவே எழுதுங்க. இங்க எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க, அதுதான் இப்பப் பேஷன்னு எழுதுங்க."

எழுத உட்கார்ந்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன், ஒரு வார்த்தையும் விடாமல்.